பத்தாம் வகுப்பு உயிரியல்: நம்மில் பலருக்கு இதுதான் கடைசிப் பாடம்

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க நம்ம திருவண்ணாமலையில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று பௌர்ணமிக்கு வரும் பஸ்களின் ஹாரன். இன்னொன்று, மாடியிலும் திண்ணையிலும் உட்கார்ந்து நாம் போடும் சத்தம். "அட்டையின் கண்டங்கள் முப்பத்து மூன்று, அட்டையின் கண்டங்கள் முப்பத்து மூன்று..." இதற்குப் பெயர்தான் ரிவிஷன். நல்ல தமிழில் மீள்பார்வை.

இந்த மீள்பார்வை முறை, அதுவும் உயிரியலுக்கு, சுத்தமாகச் சரியில்லை என்பது என் கருத்து. மார்க் வராது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அடுத்த வருடம் நம் வகுப்பில் சிலர் உயிரியல் பிரிவு எடுப்பார்கள். சிலர் கணினி அறிவியல், சிலர் வணிகவியல், சிலர் தொழிற்கல்வி, சிலர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று போவார்கள். நானே வணிகவியல்தான் எடுப்பதாக இருக்கிறேன். அப்படிப் போகிற எங்களுக்கெல்லாம் இந்த மார்ச், ஏப்ரலில் படிக்கிற உயிரியல்தான் வாழ்க்கையில் வகுப்பறை சொல்லித் தரும் கடைசி உயிரியல். அதற்குப் பிறகு நம் உடம்பைப் பற்றி யாரும் பாடம் நடத்தப் போவதில்லை. வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு வேண்டுமானால் நடத்தும் :-)

டாக்டருக்குப் படிக்கப் போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள் இதையே இன்னும் இரண்டு வருடம் விரிவாகப் படித்து, நீட் தேர்வுக்காகத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். இந்த வருடத்து மீள்பார்வையை ஒழுங்காகச் செய்ய வேண்டியது விட்டுப் போகிற நாம்தான்.

சரி, முதலில் தேர்வைப் பார்ப்போம். அறிவியல் மொத்தம் 100. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 75-ல் ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் வினாவில் 7 எழுத வேண்டும், நான்கு மதிப்பெண் வினாவில் 7, ஏழு மதிப்பெண் வினாவில் 3. கூட்டிப் பார்த்தால் 12, 14, 28, 21. இதில் ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் மனப்பாடத்தால் முழுசாக வெல்லலாம் என்று வைத்துக்கொண்டாலும் அது 12-தான். மீதி 63-ல் பாதிக்கு மேல் "ஏன்", "எப்படி", "வேறுபடுத்துக", "படம் வரைந்து பாகம் குறி" வகையறா. ஆனால் நாம் நேரம் செலவழிப்பது எதற்கு? அந்தப் பன்னிரண்டுக்கு.

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த வரியைக் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். தெருவில் தினமும் பார்க்கிற ஆளின் முகம் தெரியும், பெயர் தெரியாது அல்லவா, அந்த மாதிரி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களுக்குச் சிறு பகுதிகளை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள். இன்னொன்றைத் திரும்ப வாசிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்ததுதான் கொஞ்சம் அதிகமாக நினைவிருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்ததில் நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். புத்தகத்தை மூடிவிட்டு யோசிக்கிற அந்தக் கஷ்டம்தான் படிப்பு. கஷ்டமில்லாமல் ஓடுகிற வாசிப்பு, டி.வி. பார்ப்பது மாதிரி.

இன்னொரு விஷயம். நம் அறிவியல் புத்தகத்தில் உயிரியல் 12-ஆம் அலகில் தொடங்கி 22-ல் முடிகிறது. பதினொரு பாடம். தாவர உள்ளமைப்பியல், அட்டை, முயல், இரத்தம், நரம்பு, ஹார்மோன், இனப்பெருக்கம், மரபியல், பரிணாமம், இனக்கலப்பு, நோய்கள், சுற்றுச்சூழல் என்று பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பதினொன்றும் ஐந்தே ஐந்து கேள்விகள்தான். ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பொருள் எப்படிப் போய்ச் சேருகிறது? செய்தி எப்படிப் போகிறது? அடுத்த தலைமுறைக்கு என்ன போகிறது? சமநிலை கெட்டால் என்ன ஆகும்? இந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டால் மற்ற விவரங்களைத் தொங்கவிட ஆணி கிடைத்த மாதிரி. ஆணி இல்லாமல் சட்டையை மாட்டினால் கீழே விழத்தான் செய்யும்.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஆற்றல். ஒளிச்சேர்க்கை என்றால் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். "செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்றும் சேர்த்து எழுதுவோம். அங்கேதான் தப்பு. செடி இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் ஆக்சிஜன் வெளியே வருவதுதான் தெரிகிறது. ஒளிச்சேர்க்கை பசுங்கணிகத்தில் சர்க்கரையைச் சேமிப்பது. சுவாசித்தல் அந்தச் சர்க்கரையை உடைத்து ஏ.டி.பி. எடுப்பது. அதன் தொடக்கம் சைட்டோபிளாசத்தில், மீதி மைட்டோகாண்ட்ரியாவில். ஒன்று வரவு, மற்றது செலவு. வரவு பகலில் மட்டும், செலவு 24 மணி நேரமும். இது புரிந்தால் "ராத்திரி செடி இருக்கிற அறையில் படுத்தால் மூச்சு முட்டும்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் பதில் சொல்லலாம். ஒரு பூந்தொட்டி விடுகிற கார்பன் டை ஆக்சைடைவிடப் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி விடுவது ரொம்ப ரொம்ப அதிகம்.

இரண்டாவது, போக்குவரத்து. தமனி என்றால் என்ன என்று கேட்டால் "சுத்த இரத்தம் கொண்டு செல்லும் குழாய்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அப்படியானால் நுரையீரல் தமனியில் போவது ஆக்சிஜன் குறைந்த இரத்தமாயிற்றே, அது எப்படித் தமனி? இதயத்திலிருந்து வெளியே கொண்டு போவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வருவது சிரை. திசைதான் இலக்கணம், இரத்தத்தின் நிறம் இல்லை. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் விதிவிலக்கு என்று தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இதே பாடத்தில் இதயம் நிமிடத்துக்கு சராசரியாக 72 முறை துடிக்கிறது என்று வருகிறது. ஒரு துடிப்பில் சுமார் 70 மி.லி. வெளியேறுகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர் எங்கிருந்து வந்தது? அதே இரத்தம் சுற்றிச் சுற்றி வந்தால் மட்டும்தான் கணக்கு சரியாகும். வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கைத்தான் போட்டார். அதற்கு முன்பு, சாப்பிட்ட உணவிலிருந்து கல்லீரல் புதுசு புதுசாக இரத்தம் செய்து அனுப்புகிறது என்றுதான் ஆயிரம் வருடங்களுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெருக்கல் கணக்கு அதை உடைத்துவிட்டது. நாம் 72-ஐ மட்டும் மனப்பாடம் செய்கிறோம், ஹார்வியின் பெயரை ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறோம். நடுவில் இருக்கும் யோசனையை விட்டுவிடுகிறோம்.

அந்த அட்டையையும் பார்த்துவிடுவோம். முப்பத்து மூன்று கண்டம் எல்லோருக்கும் தெரியும். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் சீக்கிரம் ஏன் நிற்பதில்லை? அதன் உமிழ்நீரில் இருக்கும் ஹிருடின் இரத்தத்தை உறைய விடாது. குடிக்கிற இரத்தம் வாயிலேயே உறைந்துவிட்டால் அட்டை பட்டினிதான். அதேபோல முயலின் பல் சூத்திரம் பாட்டு மாதிரி வரும், அதில் கோரைப்பல் இடத்தில் பூஜ்யம் என்றும் வரும். புல் மேய்கிற விலங்குக்குக் கிழிக்கிற பல் எதற்கு? அமைப்புக்குக் காரணம் அதன் வாழ்க்கை. இதைச் சொல்வதற்குத்தான் அந்தப் பாடமே இருக்கிறது.

மூன்றாவது, செய்தி. இதற்கு நம்ம ஊரைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. சித்திரை வெயிலில் மதியம் பெரிய கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கல்லில் கால் பட்டதும் தானாகத் தூக்கிவிடும். "ஐயோ சுடுதே" என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வரும். ஏன்? பாதத்திலிருந்து உணர்ச்சி நரம்பு வழியாகப் போன செய்தி தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்தே இயக்க நரம்பு வழியாகத் தசைக்குத் திரும்பிவிட்டது. மூளைக்கும் ஒரு நகல் போகிறது, ஆனால் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அனிச்சை வில் படத்தை இதை நினைத்துக்கொண்டு வரைந்து பாருங்கள், ஒரு அம்புக்குறிகூட மாறாது.

நரம்பு போன் கால் மாதிரி, ஹார்மோன் தபால் மாதிரி. ஒன்று உடனே போய் உடனே முடியும். இன்னொன்று இரத்தத்தில் கலந்து மெதுவாகப் போகும், பல இடத்தில் வேலை செய்யும். இதில் நாம் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது இன்சுலினும் குளுக்கோகானும். சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. இன்சுலின் அதைச் செல்களுக்குள் போக வைக்கிறது, மிச்சத்தைக் கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்க வைக்கிறது. பசிக்கும்போது குளுக்கோகான் அந்தச் சேமிப்பை உடைத்து வெளியே விடுகிறது. ஒன்று பூட்டுகிறது, ஒன்று திறக்கிறது.

இப்போது கிரிவலத்தை நினைத்துப் பாருங்கள். 14 கி.மீ. நடை. பலர் விரதம் இருந்து நடக்கிறார்கள். ஆரோக்கியமான உடம்பு மேலே சொன்ன சேமிப்பை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இன்சுலின் ஊசி போடுகிறவரோ, சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரோ, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிட்டு நடந்தால்? மருந்து சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே வரவு இல்லை, காலோ செலவழித்துக்கொண்டே இருக்கிறது. கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும், சில சமயம் மயக்கமே வரும். பார்க்கிறவர்கள் "களைப்பு", "வெயில்", சில பேர் "குடிச்சிருக்கார்" என்றுகூடச் சொல்வார்கள். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரையோ ஜூஸோ கொடுக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். "சுகர்காரருக்குச் சர்க்கரையா?" என்று பக்கத்தில் ஒருவர் தடுப்பார். அந்த நேரத்தில் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பத்தாம் வகுப்பு உயிரியலைப் புரிந்து படித்த நீங்களாகக்கூட இருக்கலாம். 14 கி.மீ.-லும் மாதம் ஒரு பௌர்ணமிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன?

இன்சுலின் கதையிலேயே நம் வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கனடாவின் டொரண்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் 1921-ல் நாய்களை வைத்து ஆய்வு செய்து கணையத்திலிருந்து அந்தச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது. அவன் பெயர் லெனார்ட் தாம்சன், வயது 14. அதற்கு முன்பு முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு வைத்தியம் என்று இருந்தது பட்டினி போடுவது மட்டும்தான். அதுவும் கொஞ்ச நாள் தள்ளிப் போடத்தான். தாம்சன் அதன் பிறகு இன்னும் 13 வருடம் வாழ்ந்தான். முதல் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை அல்லது மிகக் குறைவு, இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. நாம் "வேறுபடுத்துக" என்று இரண்டு பத்தியில் கோடு போட்டு எழுதுகிற இந்த வேறுபாடு, அந்தப் பையனுக்கு உயிர்.

நான்காவது, தலைமுறை. மரபியல் பாடம் மெண்டலின் பட்டாணியில் ஆரம்பிக்கிறது. 1866-ல் அச்சான கட்டுரையை 1900 வரை பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை நாம் கட்டம் போட்டுக் கச்சிதமாக எழுதுவோம். அந்தக் கட்டத்தை நம் வீட்டுப் பக்கம் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

திருப்பினால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, ஆணா பெண்ணா என்பது. அம்மாவின் அண்டம் எல்லாவற்றிலும் எக்ஸ் குரோமோசோம்தான். அப்பாவின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எது போய்ச் சேருகிறதோ அதுதான் முடிவு. ஆக, அம்மா பக்கம் முடிவு செய்ய ஒன்றுமே இல்லை. இதைப் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கிய எத்தனை பேர், வீட்டில் "மூணும் பொண்ணாப் பெத்துட்டா" என்று பேச்சு வரும்போது வாயைத் திறந்திருக்கிறோம்? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 943 பெண்தான். சட்டம் செய்ய முடியாததை ஒரு பாடம் முழுசாகச் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழி யார் மேல் என்ற பேச்சையாவது அது நிறுத்தலாம்.

இன்னொன்று, சொந்தத்தில் கல்யாணம். அத்தை மகன், தாய்மாமன் முறை நம் பக்கம் இன்றும் உண்டு. ஒடுங்கு பண்பு என்றால் பலவீனமான பண்பு என்று நினைக்கிறோம். ஒடுங்கு என்றால் ஒளிந்திருப்பது. ஒரு ஒடுங்கு ஜீன் ஒருவரிடம் ஒன்று இருந்தால் வெளியே தெரியாது, இரண்டு சேர்ந்தால்தான் தெரியும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த இருவரிடம் ஒளிந்திருக்கும் ஜீன் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கவனியுங்கள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக. "முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, இனி மூணு பேருக்கு வராது" என்று அர்த்தம் இல்லை. சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் முடிவு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கட்டம் தெரிந்திருக்க வேண்டாமா? நான்கு மதிப்பெண்ணுக்கு நாம் போடுகிற அதே கட்டம்தான் இது.

பரிணாமமும் இங்கேயே வந்துவிடும். "ஒட்டகச்சிவிங்கி இலையை எட்ட வேண்டி கழுத்தை நீட்டியது" என்பது லாமார்க்கின் விளக்கம். டார்வின் 1859-ல் சொன்னது வேறு. ஏற்கெனவே கொஞ்சம் வேறுபட்டுப் பிறந்தவற்றில் சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் தப்பிப் பிழைத்து அதிகம் பெற்றுக்கொண்டன. முதலாவதில் தேவை மாற்றத்தை உண்டாக்குகிறது. இரண்டாவதில் மாற்றம் முதலில், தேர்வு பிறகு. இதைப் புரிந்துகொண்டு, முடிந்தால் லீவில் திருவக்கரைக்குப் போய் வாருங்கள். நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டம்தான். சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தொல்லுயிர்ப் படிவம் என்ற வார்த்தை அதற்குப் பிறகு மறக்காது.

ஐந்தாவது, சமநிலை. கடைசிப் பாடம், சுற்றுச்சூழல் மேலாண்மை. "ஈஸி சேப்டர், கடைசி நாள் பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் தள்ளி வைப்பது. அதில் காடழிப்பு, மண் அரிப்பு எல்லாம் வருகிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், நம் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீட்டோடு ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்தச் சரிவுக்கு இதுதான் காரணம் என்று பாடப் புத்தகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. மலையின் சரிவு, பாறை, பெய்த மழை, வீடு கட்டிய இடம் எல்லாம் சேர்ந்த விஷயம் அது. ஆனால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, இலைகளும் சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன, மொட்டை நிலத்தில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது என்ற மூன்று வரி நம் ஊருக்கு வெறும் இரண்டு மதிப்பெண் இல்லை. கோடையில் புல் தீப்பிடித்து எரிகிற இந்த மலையில் பல வருடங்களாக மரம் நட்டு வளர்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதற்காக மெனக்கெடுகிறார்கள் என்பதுதான் 22-ஆம் அலகு.

இப்போது எதிர்ப்பக்கம். "இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டைம் எங்கே? திருத்துகிறவர் முக்கியமான வார்த்தை இருக்கான்னுதான் பார்ப்பார்." நியாயமான கேள்வி. பாஸானால் போதும் என்று போராடுகிற நண்பர்களும் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும். அவர்களுக்குப் புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள்தான் கயிறு. அந்தக் கயிற்றை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மனப்பாடமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஹிருடின் என்ற பெயரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, மனதில் வைத்துத்தான் ஆக வேண்டும். நான் சொல்வது வரிசை. முதலில் "ஏன்", பிறகு பெயர். காரணத்தோடு சேர்ந்த பெயர் நிற்கும், தனியாக வந்த பெயர் தேர்வு அறையில் கைவிட்டுவிடும். நேரத்தையும் இது மிச்சம்தான் பிடிக்கும். தமனி, சிரை, விதிவிலக்கு என்று மூன்றாகப் படிப்பதை ஒரே வரியாகப் படிக்கலாம் என்றால் எது குறைவான வேலை?

நான் செய்கிற முறை ரொம்ப எளிது. ஒரு பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவேன். வெள்ளைத்தாளில் படத்தை வரைந்து நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுவேன். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்ப்பேன். அந்தச் சிவப்பு எழுத்துதான் அடுத்த முறை படிக்க வேண்டியது, கறுப்பு எழுத்தைத் திரும்பத் தொட வேண்டாம். மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்தால் போதும். இன்னொன்று, படித்ததை வீட்டில் யாருக்காவது அவர்களுடைய வார்த்தையில் சொல்லிப் பார்ப்பது. அறிவியல் பாடம் படிக்காத பாட்டிக்கு இன்சுலினை விளங்க வைக்க முடிந்தால் ஏழு மதிப்பெண் வினாவுக்கு விடை தயார். முடியவில்லையென்றால் நமக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். பாட்டியைவிடக் கறாரான தேர்வாளர் கிடையாது, "அதெப்படிடா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார் :-)

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினொரு உயிரியல் பாடம், அதோடு இயற்பியல், வேதியியல், திருப்புதல் தேர்வு மேல் திருப்புதல் தேர்வு என்று அவர்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வகுப்பில் "ஏன் சார்?" என்று கேட்க நேரம் இல்லாமல் போகலாம். ஆனால் மீள்பார்வை என்பது நாம் தனியாகச் செய்கிற வேலை. அதில் "ஏன்" கேட்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ரிசல்ட் வந்ததும் மதிப்பெண் பட்டியலில் அறிவியல் என்று ஒரே ஒரு எண் இருக்கும். அதில் உயிரியலுக்கு எவ்வளவு என்று தனியாக யாரும் கேட்கப் போவதில்லை. காமர்ஸ் சேரும்போது அந்த எண்ணையும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்கும்போது, ஆஸ்பத்திரியில் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது, சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சு வரும்போது, மலைமேல் மழை விடாமல் கொட்டும்போது, உயிரியல் நம்மைத் தேடி வரும். அப்போது வினாத்தாளில் சாய்ஸ் இருக்காது. அதற்கும் சேர்த்து இப்போதே படித்துக்கொள்வோம். எல்லோருக்கும் வாழ்த்துகள்.